பெரும்பாக்கம் எட்டு மாடி வாரிய வீடு: உடம்புக்கு எத்தனை மார்க்?

சுவருக்கு மூன்று, தண்ணீருக்கு இரண்டரை, லிஃப்ட்டுக்கு ஒன்று, தூரத்துக்கு முட்டை. சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில், ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து எடுக்கப்பட்டவர்களுக்கு அரசு வாரியம் கட்டிய வீடுகள் உடம்புக்கு எப்படி என்று போட்ட மார்க் இது, ஒவ்வொன்றும் ஐந்துக்கு. கூட்டிச் சராசரி போட்டால் ஏதோ கொஞ்சத்தில் தவறிவிட்ட மாதிரி தெரியும். ஏழாவது மாடியில் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு அந்தச் சராசரி ஒன்றுக்கும் உதவாது. அதனால் தனித்தனியாகவே பார்ப்போம்.

1970இல் குடிசை மாற்று வாரியமாகப் பிறந்தது 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. ஜனங்கள் வாயில் இன்றைக்கும் ஸ்லம் போர்டுதான். 2000 வாக்கில் கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, அதற்கும் அப்பால் பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்கள், 2015 வெள்ளத்துக்குப் பிறகு மிக வேகமாக, இந்தக் கடைசி இடத்துக்கு வந்து சேர்ந்தன. தரையும் ஏழு தளமுமாக 20,000க்கு மேல் வீடுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 சதுர அடி: ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிவறை, சிறு பால்கனி. வீட்டுக்குள்ளேயே கழிவறை என்பது சின்ன விஷயமில்லை. ஆற்றங்கரையில் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருந்த பெண்களுக்கும், அதனால் வந்த சிறுநீர்த் தொற்றுக்கும் இது ஒன்றே பெரிய மருந்து. சுவருக்குத் தந்த மூன்றில் இரண்டு இதற்காகத்தான்.

காற்றோட்டம் பற்றி. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 100 சதுர அடி அறைக்கு அது 17 சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் வைத்தால் 16, கிட்டத்தட்ட சரி. ஆனால் அது இழுவைக் கதவு ஜன்னலானால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். எட்டு சதுர அடிதான் கைக்கு வரும். அதன் முன்னால் பீரோவை நிறுத்திவிட்டால் அதுவும் போச்சு. ஒருவர் இருமினால் அந்தக் காற்றையே ஐந்து பேரும் மூச்சு விடும் அறை அது.

மும்பை கோவண்டி, மான்குர்து பக்கத்து மறுகுடியேற்றக் கட்டடங்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நட்வர் பாரேக், லல்லுபாய் காம்பவுண்டுகளில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் மூன்று மீட்டர்தான் இடைவெளி. வெயிலும் காற்றும் இறங்காத கீழ்த்தளங்களில் காசநோய் கூடுதலாக இருந்ததை அங்கே நடந்த ஆய்வு காட்டியது. பெரும்பாக்கத்தில் பிளாக்குகளுக்கு நடுவே வண்டி போகும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். சுவரின் மூன்றாவது மார்க் அதற்கு. அந்த இடத்தில் ஷெட் போடாமல் காப்பது குடியிருப்போர் கையில்.

அடுத்தது ஓதம், அதாவது சுவரிலும் கூரையிலும் ஊறும் ஈரம். அடுக்குமாடியில் ஆளுக்கு ஆள் சண்டை வருவதும், குழந்தைகளுக்கு வீசிங் கூடுவதும் இதனால்தான். கழிவறைத் தளத்தை ஓர் அடி பள்ளமாக வார்த்து, குழாய்களைப் படுக்க வைத்து, உடைகல்லால் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். நஹானி டிராப் (தரைத் தண்ணீர் வடியும் வாய்) இணைப்பில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், தண்ணீர் அந்தப் பள்ளத்தில் மாதக்கணக்கில் தேங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டும். தப்பு மேல்வீட்டில், பூஞ்சை கீழ்வீட்டில், செலவு யாருடையது என்று எங்கும் எழுதவில்லை. மேல்வீட்டுக்காரருக்கு அவசரமே இல்லை.

எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் உடைக்கக் கூடாது. டிராப் வாயைத் துணிப்பந்தும் பாலிதீனும் வைத்து இறுக்கி அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கி, கீழே சொட்டினால் தளப்பூச்சில் ஓட்டை. மட்டம் அப்படியே நின்று, அடைப்பை எடுத்து ஊற்றும்போது மட்டும் சொட்டினால் டிராப்போ குழாய் இணைப்போதான். முதலாவது டைல்ஸ் பெயர்க்கும் வேலை, இரண்டாவது ஓர் ஓரத்தை மட்டும் உடைக்கும் வேலை. கூலியில் வித்தியாசம் பல மடங்கு. ஒழுகலை நிறுத்தாமல் கூரைக்குப் பெயின்ட் அடிப்பது காசுக்குக் கேடு. பூஞ்சையைத் தேய்க்கும்போது பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அந்தச் சின்ன அறையில் மூச்சு திணறும்.

கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள், பார்க்க ஜோராக இருக்கும். ஓதம் அந்தச் சுவருக்கு உள்பக்கத்துச் சமாச்சாரம்.

தண்ணீர். வீட்டுக் குழாயில் வந்தாலும் அது முதலில் சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், விழுந்து, மோட்டாரில் ஏறி, மேல்தொட்டிக்குப் போய்த்தான் இறங்குகிறது. மூன்று இடத்திலும் கெடலாம். முக்கியமாகக் கெடுவது சம்ப். மூடி தரைமட்டத்தில் இருந்தால், மழை நாளில் டிரெய்னேஜ் பொங்கினதும் உள்ளே போய்விடும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி இது, தண்ணீர் நிற்பது வருஷா வருஷம் நடப்பது. மூடியைச் சுற்றி ஓர் அடிக்குக் கட்டை கட்டி உயர்த்துவதுதான் இருக்கிற வைத்தியங்களிலேயே மலிவானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். ஆளை இறக்குமுன் மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட வேண்டும். கழிவுநீர்த் தொட்டி என்றால் ஆளை இறக்கவே கூடாது, அது சட்டப்படி குற்றம். சந்தேகமான நாட்களில் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிடலாம். குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். மேல்தொட்டிக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுச் சம்ப்பை விட்டுவிடுவது வழக்கமான தவறு.

இப்போது லிஃப்ட். ஒரு தளத்துக்கு மூன்று மீட்டர் என்றால் ஏழாவது மாடி 21 மீட்டர் உயரம். படி ஆறு அங்குலம் என்று கொண்டால் 140 படி. லிஃப்ட் நின்ற நாளில் மூட்டுவலிக்காரர் மாத்திரை வாங்கப் போக மாட்டார், நாளைக்குப் போகலாம் என்பார். நிறைமாதக்காரி செக்கப்பைத் தள்ளிப்போடுவாள். ஓடும் நாளிலும் சிக்கல் உண்டு: ஆறு பேர் நிற்கிற லிஃப்ட்டில் 108இன் ஸ்ட்ரெச்சர் நீட்டினபடி நுழையாது, நாற்காலியில் உட்கார்த்தித்தான் இறக்க வேண்டும். பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ என்றால் அது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஏழைகளுக்கு எட்டு மாடி கட்ட முடிவெடுத்தது நிலச் செலவைக் கணக்குப் பார்த்து. லிஃப்ட்டும் மோட்டாரும் தின்கிற கரண்ட்டையும் ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தச் செலவையும் அந்தக் கணக்கில் யார் தலையில் எழுதினார்கள்? "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்தில் பிளாக் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு அரசும் சமபங்கு போடுகிறது. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் வருமானம் போன வீட்டில் சந்தா வராது, சந்தா வராத பிளாக்கில் லிஃப்ட் ஓடாது.

வருமானம் ஏன் போகிறது? சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். வழியில் நெரிசல் என்றால் ஒரு நடைக்கே ஒன்றரை மணி நேரம். காலையில் இரண்டு வீட்டு வேலையும் மாலையில் ஒரு வீடும் பார்த்தவர் ஒன்றை விட்டேயாக வேண்டும். மாதம் 2,500 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு வாழ்வாதாரப் படி தந்தார்கள், ஓராண்டுதான். 2021இல் வந்த மகளிர் இலவசப் பேருந்து டிக்கெட் காசை மிச்சப்படுத்தியது, நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. விடியுமுன் கிளம்புகிறவருக்குக் காலை ஓ.பி. (வெளிநோயாளர் பிரிவு) கிடையாது. பிரஷர் மாத்திரை தீர்ந்தது தீர்ந்ததுதான். அரசுப் பள்ளியில் காலை உணவு வந்தது இந்த ஊர்களுக்கு மிகப் பெரிய உதவி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் வீடு தேடி மாத்திரை தருகிறது, வீட்டில் ஆள் இருந்தால்.

இத்தனை பேருக்கு எத்தனை சேவை என்பதையும் கணக்குப் போடலாம். வீட்டுக்கு நாலு பேர் என்றாலே 80,000. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் 50,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அங்கன்வாடி 800 பேருக்கு ஒன்று என்றால் நூறு வேண்டும். வீடுகள் கட்டி ஆட்களைக் கொண்டுவந்தபோது பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்குள் இல்லை, பரங்கிமலை ஒன்றியத்துக் கிராம ஊராட்சி. மாநகராட்சியின் குப்பை வண்டி, கொசு மருந்து, மருத்துவமனை வரிசை எல்லாம் எல்லைக்கோட்டோடு நின்றன. சென்னைக்காரர்களை ஒரே இரவில் கிராமத்தார் ஆக்கியது ஒரு வரைபடம்தான். வேடிக்கை என்னவென்றால், கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்கு வெளிநாட்டார் வந்து இறங்குகிற தனியார் மருத்துவமனையும், செம்மொழித் தமிழாய்வு நிறுவனமும் அதே பெரும்பாக்கத்தில்தான்.

வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1971 குடிசைப் பகுதிச் சட்டப்படி சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன, 1985இல் இன்னும் 17. அதோடு நின்றது. பட்டியலில் இருந்தால் இருந்த இடத்திலேயே குழாயும் கழிவறையும் கேட்க ஒரு பிடி உண்டு. இல்லாதவர் வெறும் ஆக்கிரமிப்பாளர். 1977இல் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம் பக்கம் மனையும் அடிப்படை வசதியும் மட்டும் தந்து, வீட்டை அவரவரே கட்டிக்கொள்ளவிட்டார்கள். அந்தத் தெருக்களில் இன்று இரண்டு, மூன்று மாடி வீடுகள் நிற்கின்றன. அந்த வழியைக் கைவிட்டது தொழில்நுட்பக் காரணத்துக்காக அல்ல.

ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்துவிட்டதா? மூட்டை கட்டுமுன் சிகிச்சையை மாற்றுங்கள். காசநோய் மருந்து சாப்பிடுகிறவர் நிக்ஷய் எண்ணை (காசநோய்ப் பதிவு எண்) குறித்துக்கொண்டு, பழைய நிலையத்திலேயே மாற்றல் பதியச் சொல்லி, இரண்டு வாரத்துக்கு மாத்திரை கேட்டு வாங்க வேண்டும். இடையில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிக்குப் பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) அதேதான், கிராம சுகாதார செவிலியர்தான் மாறுவார், அவரைத் தேடிப் பதியுங்கள். டி.சி. வரவில்லை என்பதற்காக எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ரேஷன் கைரேகை வைத்து எந்தக் கடையிலும் வாங்கலாம், முகவரி மாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

எந்த மாடி என்று முடிவாகும் குலுக்கலுக்கு முன்னாலேயே தரைத்தள வீடு கேட்கும் மனு போய்ச் சேர வேண்டும். சாவி வாங்கின பிறகு மாற்றுவது குதிரைக் கொம்பு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, டயாலிசிஸ் அட்டை, இதய அறுவை சிகிச்சை டிஸ்சார்ஜ் சீட்டு, எது இருக்கிறதோ அதன் நகலோடு எஸ்டேட் அலுவலகத்தில் கொடுத்து, இன்னொரு நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.