ஏர் ரைஃபிளை டியூனிங்குக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டெல்டா பக்கம் ஏர் ரைஃபிள் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இது. வாட்ஸ்அப் குழுக்களில் வீடியோ போட்டு, "டியூனிங், டிரிகர் பாலிஷ், கஸ்டம் வேலை எல்லாம் செய்து தரப்படும்" என்று ஆள் பிடிக்கும் ஒருவரிடம் என் துப்பாக்கியைக் கொடுத்தேன். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் கை வைத்துத் திருப்பிக் கொடுத்த துப்பாக்கியால் என் அக்கா மகனுக்கு விரல் போயிருக்கும். அதற்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவையும் எழுதுகிறேன். விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பதால் ஆள் பெயரும் ஊரும் போடவில்லை. எப்படி வேலை செய்கிறார் என்று சொன்னாலே தெரிந்தவர்களுக்குப் புரியும்.

துப்பாக்கி பழையது. ஜெர்மன் டயானா மாடலைப் பார்த்து நம் நாட்டில் செய்த, பேரலை (குழாயை) மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரைஃபிள். பட்டுக்கோட்டையில் தெரிந்தவர் வீட்டுப் பரணில் கிடந்ததை வாங்கிவந்து, துருவெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டிருந்தேன். தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக்கட்டை உளுத்துப் போயிருந்தது. தஞ்சாவூரில் ஒரு ஆசாரியிடம் பலா மரத்தில் புதுக் கட்டை இழைத்து வாங்கினேன். தஞ்சாவூர் வீணைக்குப் போடுகிற அதே பலா. எண்ணெய் பூசப்பூச அந்த மஞ்சள் தேன் நிறத்துக்குத் திரும்பும் பாருங்கள், அதைப் பார்க்கவே தினமும் எடுத்துத் துடைப்பேன். கொல்லையில் தென்னை மரங்களுக்கு நடுவே பத்து மீட்டர் அளந்து, பின்னால் மணல் மூட்டை அடுக்கி, காகிதத்தில் மட்டும் சுடுவேன். ஐந்து பெல்லட்டும் (சின்ன ஈயக் குண்டு) ஒரு ரூபாய்க் காசுக்குள் விழும். பழைய ஸ்பிரிங் துப்பாக்கிக்கு அது போதும்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு குரூப், அதாவது குண்டுகள் ஒன்றாக விழும் இடம், சிதற ஆரம்பித்தது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பும், தை பிறந்தால் சுருங்கும். கட்டையைப் பிடிக்கும் ஸ்குரூக்கள் தளர்ந்துவிடும். சிதறலுக்குப் பாதிக் காரணம் அதுதான். அதனால் முதலில் அதை இறுக்கினேன். மாறவில்லை. பேரல் மடங்கும் இடத்தில் காற்று கசிகிறதா என்று பார்த்தேன். ஒரு டிஷ்யூ காகிதத் துணுக்கை அந்த மூட்டின் மேல் வைத்து, பெல்லட் போட்டு, பாதுகாப்பான பக்கம் சுட வேண்டும். கசிவு இருந்தால் காகிதம் துள்ளும். துள்ளவில்லை. பெல்லட் டப்பாவை மாற்றிப் பார்த்தேன். அதுவும் இல்லை. அப்புறம் ஒருநாள் காக் செய்யும்போது, அதாவது பேரலை மடக்கி ஸ்பிரிங்கை அமுக்கும்போது, உள்ளே 'கிர்ர்' என்று உரசும் சத்தம் கேட்டது. ஸ்பிரிங் வளைந்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

ஸ்பிரிங்கை மாற்றுவது வீட்டில் ஸ்குரூடிரைவர் வைத்துச் செய்கிற வேலையில்லை. உள்ளே அது அழுத்தத்திலேயே உட்கார்ந்திருக்கும். பின்பக்க மூடியைச் சாதாரணமாகக் கழற்றினால் முகத்துக்கு நேரே பாயும். அமுக்கிப் பிடிக்கக் கருவி வேண்டும். எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணன் செய்து தருவார்தான். ஆனால் அது குறுவை சீசன். மேட்டூர் திறந்து, பம்ப் செட் ஷாஃப்டும் டிராக்டர் சாமான்களும் அவர் பட்டறையில் குவிந்து கிடந்தன. அந்த நேரத்தில்தான் குழுவில் இந்த ஆளின் வீடியோ வந்தது.

போனில் நன்றாகப் பேசினார். "சார், ஸ்பிரிங் மட்டும் மாத்துனா பத்தாது. ஃபுல் கிட் போட்டுத் தர்றேன், ஆயிரம் எஃப்.பி.எஸ். கேரண்டி. வயல்ல கொக்கு, மடையான்னு எதுவும் தப்பாது" என்றார். நான் காகிதத்தில் மட்டுமே சுடுகிறேன், பவர் வேண்டாம், பழைய வேகம் வந்தால் போதும் என்று தெளிவாகச் சொன்னேன். வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினேன். சரி சார் என்று பதில் வந்தது. அந்தப் பதில் இப்போது என் புகாரில் முதல் ஆவணம்.

அந்த ஆயிரம் எஃப்.பி.எஸ். பேச்சைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் போடும் தட்டைத்தலை பெல்லட் சுமார் 0.53 கிராம். அது நொடிக்கு ஆயிரம் அடி, அதாவது 305 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் கிட்டத்தட்ட 24.6 ஜூல். 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைஃபிளுக்கு வரம்பு 20 ஜூல், துளை 4.5 மில்லிமீட்டர். இவர் பெருமையாக விற்கிற பவர் உண்மையாகவே வந்துவிட்டால், அன்றிலிருந்து நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருப்பவர். வரவில்லை என்றால் ஏமாற்றப்பட்டவர். போலீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவர் இல்லை. கொக்கு, மடையான் பேச்சு இதைவிட மோசம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வடுவூர் ஏரி 2022-ல் ராம்சார் தலமானதை (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கொண்டாடிய மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லியா வியாபாரம் செய்வது? அந்த இடத்திலேயே எனக்கு மனசு கசந்தது.

முன்பணம் 3,000, மொத்தம் 8,500 ரூபாய். இன்று, நாளை என்று இழுத்து, போன் எடுக்காமல், ஒருவழியாகப் பார்சல் வந்தது. பழைய ஸ்பிரிங், வாஷர் (காற்று கசியாமல் அடைப்பது), கழற்றிய சாமான் எதுவும் பெட்டியில் இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் குப்பைல போட்டாச்சு சார், பழசை வச்சு என்ன பண்ணப் போறீங்க" என்றார். குறி பார்க்கும் பின்சைட்டும் வேறாக இருந்தது. பேரலில் இருந்த இரும்பு சைட்டுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் சைட். "உங்களுது உடைஞ்சிருந்துச்சு, நல்லதா போட்டுருக்கேன்" என்று பதில். பிறகு அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விற்பனைக்கு ஒரு பின்சைட் வந்தது. இடது ஓரத்தில் நான் அரம் போட்ட தடம் அப்படியே தெரிகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

முதல் பெல்லட்டிலேயே பட்டாசு மாதிரி சத்தம். பேரல் வாயில் நீலப் புகை, எண்ணெய் கருகிய வாடை. பல பேர் இதைப் பார்த்துத்தான் 'பவர் ஏறிடுச்சு' என்று சந்தோஷப்படுகிறார்கள். அது பவர் இல்லை. ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் வேகமாக முன்னால் வரும்போது காற்று அழுந்திச் சூடாகும். உள்ளே எண்ணெய் இருந்தால் அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சின் ஓடுவதும் இதே முறையில்தான். அதனால் இதற்கு டீசலிங் என்றே பெயர். ஒவ்வொரு வெடிப்பும் வாஷரைக் கருக்கும், ஸ்பிரிங்கை உடைக்கும். பெல்லட்டின் வேகத்தை அளக்கும் நண்பரின் குரோனோகிராஃபில் வைத்துப் பார்த்தோம். முன்பு நல்ல நிலையில் 620 அடியை ஒட்டி நிலையாக நின்ற துப்பாக்கி, இப்போது ஒரு பெல்லட் 490 அடி, அடுத்தது 750 அடி என்று தாவுகிறது. ஆயிரம் எங்கே? ஆயிரத்தை விடுங்கள், இரண்டு பெல்லட் ஒரே வேகத்தில் போகாத துப்பாக்கியை எப்படிக் குறி பார்ப்பது?

இனி விரல் விஷயம். அக்கா மகன் காலேஜ் லீவில் வந்திருந்தான். பேரலை மடக்கி காக் செய்தான். பெல்லட் டப்பாவை எடுக்கத் திரும்பினான். டிரிகரை யாரும் தொடவில்லை. உள்ளே பிஸ்டனைப் பிடித்து வைக்கும் கொக்கியான சியர் நழுவியது. மடங்கியிருந்த பேரல் அத்தனை விசையோடு எழும்பி 'டமார்' என்று மூடிக்கொண்டது. இன்னும் ஒரு நொடி கழித்து நடந்திருந்தால் அவன் கட்டைவிரல் பெல்லட்டோடு அந்த இடுக்கில் இருந்திருக்கும். "மாமா, நான் ஒண்ணுமே பண்ணல மாமா" என்று நடுங்கிக்கொண்டு நின்றான். பலாக் கட்டை முன் ஸ்குரூத் துளையிலிருந்து நெடுக விரிந்துவிட்டது. பேரலும் மேல்நோக்கி லேசாக வளைந்துவிட்டது. கட்டை போனால் போகட்டும், இன்னொன்று இழைத்துக்கொள்ளலாம். அந்தப் பையனின் கையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

லேத் அண்ணனிடம் கொண்டுபோனேன். வேலையை நிறுத்திவிட்டு, லேத்தின் டெயில் ஸ்டாக்கில் (நகர்த்தி அழுத்தும் பின்பகுதி) வைத்து அமுக்கிப் பிடித்து மெதுவாகத் திறந்தார். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தேன். ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்று செய்தது இல்லை. ஏதோ நீளமான ஸ்பிரிங்கை கிரைண்டரில் வெட்டி நுழைத்திருக்கிறார். முனைச் சுருளை மூடித் தட்டையாகத் தேய்த்திருக்க வேண்டும், தேய்க்கவில்லை. வெட்டின முனை கத்தி போல நீட்டிக்கொண்டு சிலிண்டர் சுவரை நெடுகக் கீறியிருந்தது. விரல் வைத்தால் தடம் தட்டுப்பட்டது. ஸ்பிரிங்குக்குள் இருக்க வேண்டிய இரும்பு கைடு இல்லை. அதற்குப் பதில் வெள்ளை பி.வி.சி. பைப் துண்டு. பிஸ்டன் ஓடும் சேம்பர் முழுக்க வண்டி கிரீஸ், கருகிக் கட்டி தட்டிப்போய். பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் சியரின் முனையை "டிரிகர் பாலிஷ்" என்ற பெயரில் அரத்தால் வழித்திருந்தார். பிடிப்பு நகக்கண் அளவுகூட இல்லை. அண்ணன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைச் செஞ்சவனுக்கு இரும்பும் தெரியல, பயமும் இல்ல" என்றார்.

லேசான டிரிகர் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. பேரல் மடக்கும் ஸ்பிரிங் துப்பாக்கியில் சியர் முனையை யாரையும் தொட விடாதீர்கள். அந்த இரும்பின் மேல்தோல்தான் கடினப்படுத்தப்பட்டிருக்கும். அதை வழித்துவிட்டால் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி சுட்டுக்கொண்டிருக்கும்போதே தேய்ந்து நழுவும். யார் வேலை செய்த துப்பாக்கியாக இருந்தாலும் பெல்லட் போடும்போது இன்னொரு கையால் பேரலை இறுக்கிப் பிடித்தபடியே போடுங்கள். கம்பெனியிலிருந்து நேரே வந்ததானாலும் இதே பழக்கம்தான்.

இந்த ஆளின் வீடியோக்களை இப்போது திரும்பப் பார்க்கும்போது அடையாளங்கள் தெரிகின்றன. பெல்லட் இல்லாமல் வெறுமனே டிரிகரை இழுத்து 'சத்தம் கேளுங்க' என்கிறார். ஸ்பிரிங் துப்பாக்கியை வெறுமனே சுட்டால் பிஸ்டனைத் தாங்கக் காற்று நிற்காமல் நேரே போய் முட்டும். வேலை தெரிந்த யாரும் வாடிக்கையாளர் துப்பாக்கியில் அதைச் செய்யமாட்டார்கள். குரோனோ எண்ணை ஒரு பெல்லட்டுக்கு மட்டும் காட்டுகிறார், பத்து பெல்லட்டுக்குக் காட்டுவதில்லை. எந்த பெல்லட், என்ன எடை என்று சொல்வதும் இல்லை. ஸ்கோப்பும் விற்கிறார். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் ஒரு உதை, முன்னால் ஒரு உதை என்று இரண்டு பக்கமும் உதைக்கும். அதற்கென்று செய்யாத ஸ்கோப் உள்ளே கலகலத்துப் போகும். என் நண்பர் ஒருவருக்கு இவர் விற்ற ஸ்கோப்பில் குறுக்குக்கோடு சாய்ந்து நிற்கிறது.

எங்கே கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் துப்பாக்கியை நாலாபக்கமும் போட்டோ எடுங்கள், பின்சைட், ஸ்குரூ முதற்கொண்டு. பேரல் நீளத்தை டேப் வைத்து அளந்து போட்டோவில் வையுங்கள். கழற்றிய சாமான் எல்லாம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதற்குத் தயங்குகிறவரிடம் கொடுக்காதீர்கள். நல்ல வேலைக்காரர் பழைய வாஷரைத் தானே எடுத்துக் காட்டி எங்கே தேய்ந்திருக்கிறது என்று விளக்குவார். பணத்தை யுபிஐயில் அனுப்புங்கள், என்ன வேலைக்கு என்று குறிப்பு போட்டு.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருந்துவிடாதீர்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பதிவு செய்த பிறகும் இவர் பிடி கொடுக்கவில்லை. அதனால் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019 சட்டப்படி ஏமாற்றியவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. வெட்டிய ஸ்பிரிங்கும், பி.வி.சி. துண்டும், வழித்த சியரும் பையில் போட்டு முடிந்து வைத்திருக்கிறேன். லேத் அண்ணன் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்.

இவரிடம் வேலை கொடுத்துத் துப்பாக்கி திரும்ப வாங்கியவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து இனி அதை காக் செய்யாதீர்கள். புகை வந்தாலும் வராவிட்டாலும் விவரம் தெரிந்த பட்டறையில் கொடுத்து சியரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே என்ன இருந்தது என்று போட்டோவோடு எனக்கும் அனுப்புங்கள். என் புகாரோடு உங்களுடையதும் சேர்ந்தால் ஆணையத்தில் இன்னும் பலமாக நிற்கும்.