குழாய் ஸ்பீக்கரின் ரீங்காரம்: நான்கு வருடம் மல்லுக்கட்டிய அனுபவம்

அப்பா மைக் செட் வைத்திருந்தவர். கூம்பு ஒலிபெருக்கிக்குக் கெடுபிடி வந்து ஊரெல்லாம் பாக்ஸ் ஸ்பீக்கருக்கு மாறியதும் மற்றதையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார். இரண்டு நீளக் குழாய்கள் மட்டும் பரணில் தங்கிவிட்டன. வாய் அகலம் 40 சென்டிமீட்டர், மெல்லிய அலுமினியம், பின்னால் சத்தத்தை உண்டாக்குகிற 16 ஓம் யூனிட். நான்கு வருடத்துக்கு முன்னால் இறக்கித் துடைத்து, மாடி அறையில் பாட்டுக் கேட்க வைத்தேன். கீழ்ச் சத்தத்துக்கு ஒரு பன்னிரண்டு அங்குல பாக்ஸ், அதற்கு மேல் குழாய்.

ஆடி மாதம் எல்.ஆர். ஈஸ்வரியையும் சீர்காழியையும் இந்தக் குழாயில் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கணீரை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். கணீர் வந்தது, கூடவே ஒரு 'ங்ங்ங்' வந்தது. சீர்காழி உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து விட்டால், அவர் நிறுத்திய பிறகும் குழாய் நிறுத்தாது. புளியமரத்தில் கட்டி இரண்டு தெரு தள்ளி நின்று கேட்கும்போது இது யார் காதிலும் விழுந்திருக்காது. பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறைக்குள் எட்டடி தூரத்தில் உட்கார்ந்தால் வேறு எதுவுமே விழவில்லை.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. அலுமினியம் தானாக அடங்காத உலோகம். அதிர ஆரம்பித்தால் அந்த அதிர்வைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும் குணம் அதற்கு மிகக் குறைவு. வெண்கலக் கும்பாவைச் சுண்டிவிட்டு விளிம்பில் விரலை வையுங்கள், சட்டென்று நின்றுவிடும். குழாயும் அப்படித்தான். விரலின் வேலையை நிரந்தரமாகச் செய்ய ஒரு பொருள் வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொருளைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

முதலில் எது அதிர்கிறது என்று பார்த்தேன். கைபேசியில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு, 250 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டே போனேன். 640 வாக்கில் ஒரு முறை, 1,100ஐத் தாண்டியதும் ஒரு முறை, குழாய் கூடவே பாடியது. விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தால் இரண்டும் அடங்கின. சரி, இவை தகட்டின் சத்தம். ஆனால் 400க்குப் பக்கத்தில் சத்தம் தூக்கலாக எழும்புகிற இன்னொரு மேடு இருந்தது. கட்டிப் பிடித்தும் பார்த்தேன், அது அசையவே இல்லை. இந்த ஒன்றுதான் பிறகு என்னை ரொம்ப அலைக்கழித்தது.

முதல் வைத்தியம் சைக்கிள் டியூப். 1925க்கு முன்னால், மைக் இல்லாமல் பெரிய கொம்புக்குள் பாடி இசைத்தட்டு பதிவு செய்த காலத்தில், கொம்பு அதிராமல் இருக்க அதைச் சுற்றி நாடா சுற்றுவார்கள் என்று படித்திருந்தேன். பழைய டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக நறுக்கி, இழுத்துப் பிடித்துச் சுற்றினேன். செலவே இல்லாத வேலைக்கு அபாரமான பலன். தட்டினால் 'டங்ங்' என்றது 'டொங்' என்று குறுகிவிட்டது. ஆனால் குழாய் கூம்பு அல்லவா, இழுத்துக் கட்டிய ரப்பர் எந்தப் பக்கம் நழுவும்? தினமும் நூலளவு நகர்ந்து நகர்ந்து, ஆறு மாதத்தில் எல்லாச் சுற்றும் குறுகிய கழுத்தில் வந்து மாலை போலக் குவிந்து கிடந்தது. வாய்ப்பக்கம், அதாவது அதிர்கிற இடம், மறுபடி அம்மணம். வருடம் முடிவதற்குள் ரப்பர் காய்ந்து வெடித்தும் விட்டது.

அடுத்தது மெக்கானிக் நண்பர் சொன்ன யோசனை. "கனம் ஏத்துப்பா, கனம் ஏறினா எல்லாம் அடங்கும்" என்றார். இரண்டு பொருளைக் கலந்து பிசைந்தால் கல்லாக இறுகும் பைப் ஒட்டும் பசை இருக்கிறதே, அதைக் கனமாக அப்பினோம். சத்தம் அடங்கவில்லை. சுருதி மட்டும் கொஞ்சம் இறங்கியது. 640இல் பாடியது 600க்குக் கீழே போய்ப் பாடியது. கல்லாக இறுகும் பொருளும் மணிதான், கொஞ்சம் கனமான மணி. அதிர்வைத் தின்ன வேண்டுமானால் கொஞ்சம் பிசுபிசுத்து, கொஞ்சம் இழுபட்டு, அந்த இழுபறியில் அதிர்வைச் சூடாக மாற்றுகிற பொருள் வேண்டும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கனத்தைத்தான் நம்புகிறார்கள்.

பிசுபிசுப்பு என்றதும் தாருக்குப் போனேன். மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் ஷீட். ஒட்டிய அன்று குழாய் செத்த மாதிரி ஆனது, அத்தனை அமைதி. மார்கழியில் ஒட்டியது, சித்திரை வரை தாக்குப்பிடித்தது. என் மாடி அறைக்குத் தகரக் கூரை. ஒரு மதியம் போய்ப் பார்த்தால் ஷீட் இளகி, குழாயின் அடிவயிற்றில் பை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அறை முழுக்கப் புதிதாக ரோடு போட்ட வாசனை. தள்ளி ஒட்டலாம் என்று கையை வைத்தேன், அந்தக் கை அப்படியே சுவரிலும் பட்டது. அந்தக் கறுப்பு உள்ளங்கை இன்னும் சுவரில் இருக்கிறது. மண்ணெண்ணெயும் பழைய துணியுமாகச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

கடைசியாக வந்து சேர்ந்த இடம் கார் கதவுக்குள் ஒட்டுகிற பியூட்டைல் ரப்பர் ஷீட். 2 மில்லிமீட்டர் கனம், ஒரு பக்கம் அலுமினியத் தாள். பியூட்டைல் நம்மூர் வெயிலுக்குத் தார் போல இளகி ஓடுவதில்லை. மேலே இருக்கிற தாள் அழகுக்கு இல்லை. கீழே குழாய்த் தகடு, மேலே தாள், நடுவில் ரப்பர். தகடு வளையும்போது தாள் கூட வர மறுக்கிறது, நடுவில் மாட்டிய ரப்பர் இழுபடுகிறது. அதிர்வு அங்கேதான் கரைகிறது. இதனால்தான் ரப்பரை மட்டும் ஒட்டுவதைவிடத் தாளோடு ஒட்டுவதில் பலன் அதிகம்.

ஒட்டுவது கொஞ்சம் பொறுமையான வேலை. கூம்பின் மேல் சதுரத் துண்டை ஒட்டினால் சுருக்கம் விழும், சுருக்கத்துக்குள் காற்று நிற்கும், அந்த இடம் வேலை செய்யாது. பனை விசிறி மடிப்பு போல, மேலே அகலம் கீழே குறுகலாக இதழ் இதழாக வெட்டிக்கொள்ள வேண்டும். தின்னரால் துடைத்து, ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, உருளையால் அழுத்த வேண்டும். என்னிடம் இருந்த உருளை சப்பாத்திக் கட்டை. வீட்டம்மா அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, புதிது வாங்கித் தரச் சொல்லிவிட்டார். விளிம்பில் சுருட்டிவிட்ட இடம் ஏற்கெனவே விறைப்பானது, அங்கே ஒட்டிப் பலன் இல்லை. அதற்கு உள்ளே இரண்டு விரல் தள்ளி ஆரம்பித்து, குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினேன். ஆசையில் ஒரு குழாயை முழுக்கவும் ஒட்டிப் பார்த்தேன். இரண்டுக்கும் காதில் வித்தியாசம் இல்லை, பணம்தான் கூடுதல்.

இப்போது தட்டினால் 'டொக்' என்கிறது, வெண்டைக்காய்க் கூடையைத் தட்டினது போல. 640, 1,100 இரண்டும் போய்விட்டன. அதுவரை ரீங்காரத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு 'கரகர'வும் வெளியே வந்தது. யூனிட்டைத் திருகும் மரை லூசாக இருந்தது, தாங்கிக் கம்பியின் போல்ட்டும் ஆடியது. இரண்டு ரப்பர் வாஷரில் அது தீர்ந்தது. நீங்கள் ஆரம்பிக்கும்போது இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

அந்த 400 மேடு மட்டும் அப்படியே இருந்தது. அது தகடு இல்லை, குழாய்க்குள் இருக்கிற காற்று. ஒரு குழாய் எவ்வளவு கீழ்ச் சத்தம் வரை ஒழுங்காகப் பேசும் என்பதை வாயின் சுற்றளவு ஓரளவு சொல்லிவிடும். 40 சென்டிமீட்டர் வாய்க்குச் சுற்றளவு ஒன்றேகால் மீட்டர், அவ்வளவு அலைநீளம் உள்ள ஒலி சுமார் 275 ஹெர்ட்ஸ். அந்த எல்லையை நெருங்க நெருங்க ஒலி முழுதாக வெளியேறாமல் வாயிலிருந்து திரும்பி உள்ளே போகும், மேடும் பள்ளமுமாகக் கேட்கும். வெளியே என்ன ஒட்டினாலும் இது போகாது. பஞ்சு அடைத்துப் பார்த்தேன், சீர்காழிக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆனதும் பிடுங்கிவிட்டேன்.

தீர்வு கப்பாசிட்டரில் இருந்தது, அதாவது கீழ்ச் சத்தம் குழாய்க்குப் போகாமல் மறிக்கிற சின்ன உறுப்பில். நான் போட்டிருந்தது 22 மைக்ரோஃபாரட். 16 ஓமுக்குக் கணக்குப் போட்டால் 450 ஹெர்ட்ஸிலிருந்தே குழாயை வேலை வாங்கியிருக்கிறேன். 12க்கு மாற்றினேன், எல்லை 830க்குப் போனது, அதற்குக் கீழே உள்ளதைப் பாக்ஸ் பார்த்துக்கொண்டது. மேடு அடங்கியது, யூனிட்டுக்குள் அதிர்கிற டயாபிரம் தகட்டுக்கும் நிம்மதி. வெட்கத்தோடு சொல்கிறேன், இதை முதல் நாளே செய்திருந்தால் 640இன் ரீங்காரமும் பாதி குறைந்திருக்கும். தார் வரைக்கும் போயிருக்கத் தேவையிருந்திருக்காது.

வார்ப்பு அலுமினியக் குழாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனி ஆல்டெக்கின் 511பி, 811பி போன்றவை சுவர் தடித்தவை, ஆனால் மேலும் கீழும் விரிந்த சப்பைப் பரப்பு உண்டு. அந்தப் பரப்பில்தான் ஒட்ட வேண்டும். வெளிநாட்டு ரசிகர்கள் பல வருடமாக அதைத்தான் செய்கிறார்கள்.

அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "ஏண்டா, கொழாயோட சத்தமே அதுதானடா, ஊமையாக்கிட்டியே" என்றார். ஒரு வாரம் மாடிக்கு வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாலு பாட்டுக் கேட்டார். "வார்த்தை புரியுது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, வயர் இணைப்பு இடம் மாறியிருப்பதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பார்த்தேன், உண்மைதான். இடது குழாய்க்கு பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருந்தேன், எத்தனை மாதமாகவோ.

ஒட்டி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. போன ஐப்பசி மழையில் ஈரம் ஏறி, வலது குழாயில் இரண்டு இதழின் ஓரம் மட்டும் எழும்பி நிற்கிறது. சூடு காட்டி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறேன். சப்பாத்திக் கட்டை என்னிடம்தான் இருக்கிறது.