அப்பாவின் பழைய கம்ப்யூட்டரும் 188 வெள்ளி ‘ஒரிஜினல்’ விண்டோஸும்

பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், காசை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சிங்கப்பூரில், லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் அப்பாவுடையது. 2014இல் வாங்கியது, நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். வாங்கும்போது விண்டோஸ் 8.1 இருந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நானே 10க்கு மாற்றிவைத்தேன். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். காலையில் செய்தி, மதியம் யூடியூப், இடையில் அம்மா இருந்த காலத்துப் படங்களைத் திறந்து பார்ப்பார். அந்த இயந்திரத்துக்கு அதற்கு மேல் வேலை இல்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. திரையில் எச்சரிக்கை வர ஆரம்பித்ததும் அப்பா பயந்துவிட்டார். வங்கிக் கணக்கையும் மசே நிதி (மத்திய சேமநிதி) கணக்கையும் இதில்தான் பார்க்கிறார். “வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன்பா” என்று நானும் மூன்று வெள்ளிக்கிழமை சொன்னேன். தப்பு என் பக்கமும் இருக்கிறது, மறைக்கவில்லை. டிசம்பரில் ஒருநாள் அவரே டாக்சி பிடித்து, சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைக்காரர் தமிழர். “அப்பா, நீங்க உட்காருங்க, உங்க பிள்ளை மாதிரி நான் செஞ்சு தரேன்” என்றாராம். வீட்டுக்கு வந்து அப்பா இதை இரண்டு முறை சொன்னார். நிஜப் பிள்ளைக்கு அது எப்படிக் குத்தியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். புது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) 60 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஒரிஜினல் விண்டோஸ் 11 லைசன்ஸ் 88 வெள்ளி, கூலி 40. மொத்தம் 188. ரசீதில் ‘பிசி சர்வீஸ்’ என்ற இரண்டே சொல்லும் தொகையும் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கம்ப்யூட்டர் வேகமாகத்தான் ஓடியது. எஸ்எஸ்டி போட்டால் எந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரும் அப்படித்தான் ஓடும். அப்பா முகத்தில் பெருமை. சரி, வந்ததற்கு ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று செட்டிங்ஸில் லைசன்ஸ் நிலையைக் காட்டும் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தேன். “உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் விண்டோஸ் ஆக்டிவேட் செய்யப்பட்டுள்ளது” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுபத்திரண்டு வயது ஓய்வூதியருக்கு எந்த நிறுவனம்?

இது கேஎம்எஸ் என்கிற முறை. பெரிய கம்பெனிகளில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இருக்கும். அவை கம்பெனியின் சொந்த சர்வரைத் தொடர்புகொண்டு, 180 நாளுக்கு ஒருமுறை காலாவதியாகும் அனுமதியை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும். அந்த சர்வர் மாதிரியே நடிக்கும் ஒரு திருட்டு மென்பொருளை அப்பாவின் கம்ப்யூட்டருக்குள் உட்காரவைத்திருக்கிறார்கள். 88 வெள்ளி லைசன்ஸ் என்றது இதைத்தான்.

இன்னும் மோசமானது அடுத்து. அந்தத் திருட்டு மென்பொருளை விண்டோஸின் வைரஸ் காவலாளியான டிஃபெண்டர் பிடித்துவிடும் அல்லவா? அதற்காக ஒரு முழு ஃபோல்டரையே ‘இதைப் பரிசோதிக்காதே’ என்று விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். வீட்டுக்குப் பூட்டு மாற்ற வந்தவர் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போன மாதிரி. அன்று இரவே என் கைப்பேசியிலிருந்து அப்பாவின் வங்கி, சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு), மின்னஞ்சல் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றினேன்.

பிறகு எந்தப் பதிப்பு என்று பார்த்தேன். 23எச்2. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. விண்டோஸ் 11இன் அந்தப் பதிப்புக்கு, ஹோம், புரோ இரண்டுக்குமே, 2025 நவம்பர் 11உடன் ஆதரவு முடிந்தாயிற்று. அதாவது ஆதரவு முடிந்த ஒன்றிலிருந்து தப்பிக்க, காசு கொடுத்து, ஆதரவு முடிந்த இன்னொன்றுக்குப் போயிருக்கிறார். எப்போதோ தயாரித்த யுஎஸ்பியை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அதையே போட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல் வேண்டும். அப்பாவின் கம்ப்யூட்டரில் இரண்டும் இல்லை. சோதனையைத் தாண்டிக் குதித்துப் போட முடியும். பலர் தெரிந்தே செய்கிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படிப் போட்டால் அடுத்த பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் நாமே கையால் ஏற்ற வேண்டும். இதை அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் ‘புது’ எஸ்எஸ்டி? டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் 11,400 மணி நேரம் ஏற்கனவே ஓடியிருக்கிறது. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம்தான்.

“பழைய ஹார்ட் டிஸ்க் எங்கேப்பா?” என்றேன். “அது பழசாப் போச்சு, தூக்கிப் போட்டுடறேன்னு தம்பி சொன்னாப்ல.” படங்கள்? எல்லாம் மாற்றிக் கொடுத்ததாகச் சொன்னாராம். டெஸ்க்டாப்பில் இருந்தது மட்டும் வந்திருந்தது. மற்றபடி அம்மாவின் படங்கள், அப்பாவின் ஐசி (அடையாள அட்டை) நகல், பழைய வருமான வரிக் கடிதங்கள் எல்லாம் யாரோ ஒருவர் கடையின் மூலையில்.

மறுநாள் மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். லைசன்ஸ் பற்றிக் கேட்டதற்கு, “எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம்ணே, ஒண்ணும் ஆகாது” என்று பதில். நான் சண்டை போடவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கொடுக்காமல் நகர மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து அது வெளியே வந்தது. விற்பதற்காகவோ என்னவோ, ஃபார்மட் செய்திருந்தார்கள். மேலோட்டமான ஃபார்மட் என்பதால் பிழைத்தோம். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டதில் பெரும்பாலான படங்கள் கிடைத்தன. பெயர்களும் தேதி வாரியாக அப்பா அடுக்கி வைத்திருந்த ஃபோல்டர்களும் போனது போனதுதான். இப்போது எல்லாம் வெறும் எண்கள். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, “பினாங்கு, 2009” என்று மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார்.

இதில் எனக்குத் தாங்கவே முடியாதது, இந்த 188 வெள்ளி தேவையே இல்லை என்பது. விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ள மைக்ரோசாஃப்டே வழி வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் இலவசம். அப்பாவின் லைசன்ஸோ அந்த மதர்போர்டோடு ஒட்டியது. அதே விண்டோஸ் 10 ஹோமைத் திரும்பப் போட்டு இணையத்தில் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிட்டது, எந்த எண்ணும் கேட்கவில்லை. நிறுவும் கோப்பு மைக்ரோசாஃப்ட் தளத்தில் சும்மாவே கிடைக்கிறது. 8 ஜிபி யுஎஸ்பி ஒன்று போதும். எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, அதில் பாதி காப்பி குடித்த நேரம். 2026 அக்டோபருக்குப் பிறகு, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுப்பதாக உத்தேசம். இப்போதே யுஎஸ்பியிலிருந்து ஓடவிட்டுக் காட்டினேன், “யூடியூப் வருது, தமிழ் வருது, போதும்” என்றார்.

கடையில் விடத்தான் வேண்டும் என்றால், முதலில் படங்களை வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என் கைக்குத் திரும்ப வர வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லுங்கள். ரசீதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும், லைசன்ஸ் என்ற சொல் உட்பட. காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ‘டிஜிட்டல் லைசன்ஸ்’ என்று இருந்தால் ஓரளவு நிம்மதி. ‘நிறுவனம்’ என்ற பேச்சு வந்தால் கிளம்பிவிடுங்கள்.

கடைக்காரர் 60 வெள்ளி திருப்பிக் கொடுத்தார், எஸ்எஸ்டிக்கு மட்டும். மீதிக்கு, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்குப் போகலாம். இவ்வளவு சின்னத் தொகைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. அப்பா வேண்டாம் என்கிறார். “நம்ம பையன், பொழச்சுப் போகட்டும் விடு.” நான் ஆக்டிவேஷன் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அந்த இரண்டு சொல் ரசீதோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.