ஆஷ்வில்லா, பென்டா?

மலையில் நடக்கவும் வேண்டும், வாய்க்கு ருசியாகவும் வேண்டும், மாலையில் நல்ல பீரும் வேண்டும் என்றால் அமெரிக்காவில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் இரண்டு. கிழக்கே வட கரோலினாவின் ஆஷ்வில், மேற்கே ஆரிகனின் பென்ட். இரண்டுக்கும் போய் வந்தவன் என்பதால் நண்பர்கள் எதற்குப் போகலாம் என்று கேட்பார்கள். கூட யார் வருகிறார்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, இரண்டு குழந்தைகள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆஷ்வில். புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையில் சுமார் 35 மைல் ஓட்டினால் மவுன்ட் மிட்செல். 6,684 அடி. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. அப்படிப்பட்ட சிகரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே வரை கார் போகிறது! மிச்சம் இருப்பது தளம் போட்ட பாதையில் ஒரு சின்ன ஏற்றம்தான். பிஸ்கா தேசிய வனத்தில் ஸ்லைடிங் ராக் என்று ஒன்று உண்டு. 60 அடி நீளப் பாறை, அதன் மேல் ஓடை வழிகிறது. உட்கார்ந்து சறுக்கினால் கீழே குளத்தில் விழலாம். ஜூலையிலும் பல் கிட்டிக்கும். 2024இல் வந்த ஹெலீன் புயல் பார்க்வேயைப் பல இடங்களில் பெயர்த்துப் போட்டது. கிளம்புமுன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பென்ட் வேறு சங்கதி. கேஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே, பள்ளியில் படித்த மழை மறைவுப் பிரதேசம் இதுதான் என்று காட்டுகிற மாதிரி இருக்கும். ஆண்டுக்குச் சுமார் 12 அங்குல மழைதான். ஆஷ்வில்லில் பெய்வது அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அங்கே பார்த்த பச்சையை இங்கே தேடக் கூடாது. ஜூனிபர் மரங்கள், எரிமலைக் கற்கள், தடையில்லாத வானம். வடக்கே 25 மைலில் ஸ்மித் ராக். பாறையேற்றக்காரர்களுக்கு இது குலதெய்வக் கோயில் மாதிரி. பாறையில் முன்பே அடித்து வைத்த ஆணிகளில் கயிற்றை மாட்டி ஏறும் ஸ்போர்ட் கிளைம்பிங் அமெரிக்காவில் வேர்பிடித்தது இங்கேதான். கயிறு பிடித்து ஏறத் தெரியாத என் போன்றவர்களுக்கு மிசரி ரிட்ஜ் என்ற நடைபாதை இருக்கிறது. பெயரிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது.

குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு 22 மைல் தள்ளி மவுன்ட் பேச்சலர். கோடையில் 10,358 அடி சவுத் சிஸ்டர் சிகரம். போய்வர சுமார் 12 மைல், ஏறக்குறைய 5,000 அடி ஏற்றம். கடைசிப் பகுதி முழுக்க எரிமலைச் சரளை, ஒரு அடி எடுத்து வைத்தால் அரை அடி கீழே இழுக்கும். ஜூன் 15 முதல் அக்டோபர் 15 வரை இதற்கு அனுமதிச் சீட்டும் வேண்டும், இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். இவ்வளவும் வேண்டாம் என்பவர்கள் ஊருக்குள் ஓடும் டெஷூட்ஸ் ஆற்றில் டியூபில் மிதந்தபடி, நகர மத்தியிலேயே அலைமேல் சர்ஃபிங் செய்பவர்களை வேடிக்கை பார்க்கலாம். ஆகஸ்ட்டை மட்டும் நம்ப முடியாது. ஒருமுறை நான் போன மூன்று நாளும் காட்டுத்தீப் புகை. சிகரங்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சாப்பாட்டில் போட்டியே இல்லை. ஆஷ்வில்லில் மெஹர்வான் இரானி 2009இல் தொடங்கிய சாய் பானி, பேல்பூரி, வடாபாவ் விற்றே 2022இல் அமெரிக்காவின் தலைசிறந்த உணவகம் என்ற ஜேம்ஸ் பியர்ட் விருதை வாங்கியது. மெல்லிசாக நறுக்கிப் பொரித்த வெண்டைக்காயை ஒரு தட்டோடு நிறுத்தியவர்களை நான் பார்த்ததில்லை. குராட்டே என்ற உணவகத்தில் தாபாஸ் என்னும் ஸ்பானியச் சிறு தட்டு உணவுகள் கிடைக்கும். காலையில் தெற்கத்திப் பிஸ்கட். டீயில் தொட்டுச் சாப்பிடுகிற பிஸ்கட் இல்லை, உப்பி எழுந்த மெத்து ரொட்டி. மேலே ஊற்றும் கிரேவியில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், சைவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பென்டில் வண்டிக் கடைகளும் பப் சாப்பாடும் பசியாற்றும், அவ்வளவுதான். ஸ்பாரோ பேக்கரியின் ஓஷன் ரோல் மட்டும் விதிவிலக்கு. உள்ளே ஏலக்காய் மணக்கும்.

பீருக்கு வருவோம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஆஸ்கர் வாங் 1994இல் ஆஷ்வில்லில் ஒரு நிலவறையில் ஹைலேண்ட் ப்ரூவரியை, அதாவது பீர் ஆலையை, தொடங்கினார். பின்னால் கலிபோர்னியாவின் சியரா நெவாடா, கொலராடோவின் நியூ பெல்ஜியம் ஆகிய பெரிய கைகளும் இந்தப் பக்கம் ஆலை போட்டன. தங்கள் மலைத் தண்ணீரைப் பற்றி ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஹெலீனுக்குப் பிறகு அதே ஊர் 53 நாள் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. சவுத் ஸ்லோப் பகுதியில் ஒரு ப்ரூவரியிலிருந்து அடுத்ததற்கு நடந்தே போகலாம். கார் சாவியை அறையிலேயே விட்டுவிட்டு வரலாம் என்பது எனக்குப் பெரிய வசதி.

ஆனாலும் பீருக்கு மட்டும் என்றால் என் ஓட்டு பென்டுக்கு. 1988இல் கேரி ஃபிஷ் தொடங்கிய டெஷூட்ஸ் ப்ரூவரியின் பிளாக் பியூட் போர்ட்டர் என்ற கறுப்பு பீரைக் குடித்துப் பாருங்கள். கருப்பட்டி நிறம், வறுத்த காபி வாசம். இன்னொரு காரணம் ஹாப்ஸ், பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ. அமெரிக்காவின் ஹாப்ஸ் தோட்டங்களில் முக்கியமான யாகிமா, வில்லமெட் பள்ளத்தாக்குகள் சில மணி நேர ஓட்டத்தில் இருக்கின்றன. அறுவடைக் காலத்தில் பறித்த பூவைக் காயவைக்காமல், சுமார் ஒரு நாளுக்குள் கொண்டுவந்து பீரில் போடுவார்கள். அந்தப் பச்சை மணம் சில வாரங்களுக்குத்தான். அப்புறம் அடுத்த ஆண்டுதான்.

சார்லட்டில் இருப்பவருக்கு ஆஷ்வில் இரண்டு மணி நேரம், அட்லான்டாவிலிருந்து மூன்றரை. அக்டோபரில் இலை நிறம் மாறும்போது அறை கிடைப்பது கஷ்டம், சீக்கிரமே போட்டு வையுங்கள். போர்ட்லண்டிலிருந்து பென்டுக்கும் மூன்றரை மணி நேரம்தான். குளிர்காலத்தில் கணவாயில் பனி இருக்கும், காரில் சக்கரச் சங்கிலி வேண்டும். செப்டம்பர் கடைசி என்றால் புகை பெரும்பாலும் குறைந்திருக்கும், புது ஹாப்ஸ் பீரும் வந்திருக்கும். பகலில் வெயில் அடிக்கிறதே என்று ஏமாறாதீர்கள். இருட்டியதும் குளிர் உறைநிலைக்குப் பக்கத்தில் போய்விடும், முற்றத்தில் உட்கார்ந்து குடிக்க ஸ்வெட்டர் வேண்டும்.