இரண்டு தாய்மார், இரண்டு கவலைகள்

ஜொகூர் மாநிலக் கூலாயில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வரிசை வீடுகளிலிருந்து பல பிள்ளைகள் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள். தாய்மார் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். ஒரே விதமாக அல்ல.

பக்கத்து வீட்டு அக்காவின் கவலை வேலையாக முடிகிறது. "டயர் தேய்ந்துவிட்டதா? மழைக்கோட்டு எடுத்தாயா?" பதில் கிடைத்ததும் அடங்கிவிடும்.

என் அம்மாவுடையது "ஏதாவது ஆகிவிட்டால்?" என்று தொடங்கும். அதற்கு விடை இல்லை. அதனால் இன்னொரு "ஆகிவிட்டால்" பிறக்கும். கழுத்து இறுகும், தூக்கம் போகும். தம்பி நல்லபடியாக வீடு திரும்பினாலும், தான் கவலைப்பட்டதால்தான் திரும்பினான் என்று மனம் கணக்குப் போடும். சுழலை ஓட்டுவதே இந்த நம்பிக்கைதான் என்பது என் எண்ணம். பிறகு, "இப்படியே போனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ" என்ற அச்சம். கவலையைப் பற்றிய இந்தக் கவலைக்கே உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸ், ஓயாத கவலையே முக்கிய அறிகுறியான பொதுவான பதற்றக் கோளாற்றில் முதன்மை இடம் தருகிறார்.

அடக்க முடியாத கவலை 6 மாதங்களுக்குக் குறையாமல், பெரும்பாலான நாட்களில் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால், "அவர் குணம் அப்படி" என்று விட்டுவிடாதீர்கள். அரசு சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள்.

அக்காவின் வழி அம்மாவுக்குப் பொருந்தவில்லை. பலித்தது, கவலைக்கென்றே மாலையில் 30 நிமிடம் ஒதுக்குவது. இரவில் வரும் நினைப்பை "நாளை ஆறு மணிக்கு" என்று தள்ளிவைக்கிறார். சில நாட்களில் ஆறு மணி வந்தும் அது நினைவுக்கு வருவதில்லை.