வாதக் கட்டுரைப் பட்டறை: சேர்ந்து படித்தவளின் கருத்து

மரண தண்டனை வேண்டாம் என்று நான் எழுதிய கட்டுரையோடுதான் இந்த நான்கு வார இணையவழிப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் பத்தி முழுக்கக் கைதியின் தாயுடைய கண்ணீர். பயிற்றுநர் அதை அடிக்கவில்லை; ஓரத்தில் "கொலையுண்டவனுக்கும் ஒரு தாய் உண்டே?" என்று மட்டும் எழுதியிருந்தார். அன்றிரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் அந்தத் தாயையும் கட்டுரைக்குள் கொண்டுவந்தேன். அதன் பிறகே தர்க்கம்: தீர்ப்பு தவறென்று பின்னால் தெரிந்தால், சிறையில் இருப்பவரை விடுவிக்கலாம், தூக்கிலிட்டவரை?

பிறரை இணங்கவைக்கும் வழிகளாகக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றில் உணர்ச்சியையும் தர்க்கத்தையும் அருமையாக நடத்தினார்கள். எழுதுபவரின் நம்பகத்தன்மைக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கினார்கள். எனக்கு அது பெரிய குறை. மாற்றுக் கருத்துள்ளவர் முதலில் எடைபோடுவது நம்மைத்தானே? திருத்தங்களும் தாமதமாகவே வந்தன. ஆனால் வரிக்கு வரி படித்திருந்தார்கள். தண்டனையை ஆதரிக்கும் என் அண்ணன் கட்டுரையைக் கடைசிவரை படித்துவிட்டு, இரண்டு கேள்விகள் கேட்டார்.