போட்டோஷாப்போடு 22 வருஷம்: ஒரு கல்யாண ஆல்பக்காரனின் அனுபவம்

2003இல் திருமங்கலத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே இருந்த கம்ப்யூட்டரில் போட்டோஷாப் 7. திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அந்த நேரத்தில் திரையில் வரும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்று ஒரு பெயர் இருக்கும். நம்ம பக்கத்துப் பெயராக இருக்கிறதே என்று தினமும் படிப்பேன். இன்றுவரை அதே மென்பொருள்தான், மாதச் சந்தா கட்டி ஓட்டுகிறேன். (அன்று கட்டவில்லை. யாரோ கொடுத்த சிடி. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் யாரைக் கேட்டாலும் இந்த இடத்தில் பேச்சை மாற்றுவார்.) வேகம், வசதி பற்றி ஒரே வரி: இதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இதை வைத்து எங்கள் ஊர் முகங்களை என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத நினைத்தேன்.

எடிட்டிங் கம்ப்யூட்டரோடு வந்தது என்று நினைப்பவர்கள் என் முதலாளி அண்ணனைப் பார்த்திருக்க மாட்டார்கள். நெகட்டிவை லைட் பெட்டியில் வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழே பொட்டுப் பொட்டாக வைப்பார். பிரிண்டில் கறுப்பாக விழும் சுருக்கம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அதைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் கோடு மறைந்துவிடும். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம். அதனால் கல்யாண ஜோடிக்கும், வரன் பார்க்கக் கொடுக்கும் போட்டோவுக்கும் மட்டும் செய்வார். மீதி ஊர் இருந்தபடியே பிரிண்டானது.

போட்டோஷாப் 7இல்தான் ஹீலிங் பிரஷ் முதன்முதலில் வந்தது. அதற்கு முன்னால் ஸ்டாம்ப் டூலில் பக்கத்துத் தோலை எடுத்து வைத்தால் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரியும். இது அந்த இடத்து நிறத்தோடும் வெளிச்சத்தோடும் தானே கலந்துவிடும். பருவுக்கு ஒரு தட்டு. அரை மணி நேர வேலை மூன்று நிமிஷமானது. அப்புறம் தோலை மட்டும் கண்டுபிடித்து வழுவழுப்பாக்கும் பிளகின்கள், அதாவது போட்டோஷாப்போடு சேர்த்துப் போடும் துணை மென்பொருள்கள், வந்தன. 400 படத்தையும் ராத்திரி ஓடவிட்டுப் படுக்கப் போகலாம். கையால் செய்தவரை யாருக்குச் செய்வது என்று யோசித்தோம். இயந்திரம் செய்யத் தொடங்கியதும் பந்தியில் இலை எடுக்கிற ஆயா முகம்வரை வழுவழுவென்று ஆகிவிட்டது.

அண்ணன் சொல்லிக்கொடுத்தது ஒரே விதி. ஒரு வாரத்தில் தானாகப் போகிறதை எடு, போகாததைத் தொடாதே. பரு போகும், மச்சம் போகாது. நல்ல விதி. நான் அதை ஒரு வருஷம்கூடக் காப்பாற்றவில்லை.

காரணம் கலர். "கொஞ்சம் கலர் ஏத்திருங்கண்ணே" என்று கேட்காத கல்யாண வீடு கிடையாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸைத் திறந்து கோட்டை நடுவில் பிடித்து மேலே தூக்கினால் முடிந்தது. கொஞ்ச நாளில், கேட்காவிட்டாலும் தூக்கினேன். பொண்ணுக்குக் கூடுதலாக. மாப்பிள்ளை கறுப்பாக இருந்தால் களையான முகம் என்பார்கள், பொண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை. இதில் ஒரு தொழில் சிக்கல் உண்டு. முகத்தோடு சேர்ந்து நகையும் வெளுத்துவிடும். அதனால் நகையை மட்டும் தனியாகப் பிரிக்கும் மாஸ்க் போட்டு, அதை மட்டும் பழைய மஞ்சளுக்குக் கொண்டுவருவேன். ஆரத்தின் நிறம் மாறினால் சண்டைக்கு வருவார்கள். முகத்தின் நிறம் மாறினால் கையில் நூறு ரூபாய் வைப்பார்கள். ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் தன் பெயரில் இருந்த ஃபேரை எடுத்தது. என் மவுஸ் மட்டும் மேலேயே போய்க்கொண்டிருந்தது.

2011 வாக்கில் ஒரு வரன் போட்டோ. அன்றைக்கு முகத்தை இழுத்து உருமாற்றும் லிக்விஃபையும் கைக்குப் பழகியிருந்தது. தாடையை ஒடுக்கி, கழுத்தை நீட்டி, கலரும் ஏற்றிக் கொடுத்தேன். பொண்ணு பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, "போட்டோவுல இருந்த பொண்ணு எங்க?" என்று கேட்டுவிட்டார்கள். மறுநாள் அவளுடைய அப்பா கடை வாசலில் நின்றார். திட்டவே இல்லை. "நல்லாத்தான் எடுத்திருந்தீங்க தம்பி" என்றார். புதிதாக ஒன்று எடுக்கச் சொன்னார். எடுத்து முடித்ததும் மெதுவாக, "போன தடவைய விடக் கொஞ்சம் கம்மியா ஏத்துங்க" என்றார். ஏற்றவே வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை.

துக்க வீட்டு வேலைக்கு மட்டும் இந்த மென்பொருளுக்கு முழு மார்க் போடுவேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். அப்பத்தாவுக்குத் தனிப் படமே இருக்காது. ஏதோ ஒரு வளைகாப்பு குரூப் போட்டோவில், மூன்றாவது வரிசையில் பாதி முகம். அதை வெட்டியெடுத்து, மறைந்த காதுக்கு மறுபக்கக் காதைத் திருப்பி ஒட்டி, பின்னால் நீலம் போட்டு, விடிவதற்குள் ஃபிளெக்ஸுக்கு அனுப்ப வேண்டும். எப்போதோ போய்ச் சேர்ந்த தாத்தாவைப் பக்கத்தில் உட்காரவைக்கவும் சொல்வார்கள். தாத்தாவுக்கு 40 வயது, அப்பத்தாவுக்கு 75. அம்மாவும் மகனும் மாதிரி இருக்கும். இதுவரை யாரும் சிரித்ததில்லை. நான் செய்ததிலேயே பெரிய பொய் இதுதான். ஆனால் பொய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஏனென்று கேட்டால் பதில் தெரியாது.

கையில் போன் வந்தபிறகு வாடிக்கையாளர்களே மாறிவிட்டார்கள். முன்பு கண்ணாடியில் பார்த்த முகத்தோடு வந்தார்கள், இப்போது பியூட்டி மோடில் பார்த்த முகத்தோடு வருகிறார்கள். "போன்ல நல்லா இருக்கேன், உங்க கேமராவுலதான் ஒரு மாதிரி இருக்கு" என்பார்கள். 12 அங்குலத்தில் வைத்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பக்கத்தில் வைத்து எடுப்பதால் வரும் கோளாறு, ஐந்தடி தள்ளி நின்றால் போய்விடும். அதே போனில் மூக்கை ஒடுக்கும் ஃபில்டரும் இருக்கிறது. நோயும் மருந்தும் ஒரே கடையில். 2020இல் கூகுள் தன் பிக்சல் போன்களில் முகத்தைத் திருத்தும் வசதியை, நாமாக இயக்கினால் ஒழிய வேலை செய்யாதபடி மாற்றியது. எங்கள் கடைக்கு வரும் போன்களில் பிக்சலைப் பார்ப்பது அபூர்வம்.

போட்டோஷாப்பும் சும்மா இருக்கவில்லை. 2016இல் கண், மூக்கு, உதடு என்று தனித்தனி ஸ்லைடர். 2020இல் சிரிக்காதவரைச் சிரிக்கவைக்கும் நியூரல் ஃபில்டர். 2023இல் இல்லாததை வரைந்து தரும் ஏஐ. அதை நான் பெரும்பாலும் பந்தல் ஃபேனை அழிக்கத்தான் பயன்படுத்துகிறேன்.

என் கண் கெட்டதுதான் எனக்குப் பெரிய நஷ்டம். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கன்னத்தில் தழும்பு இருந்தால் விரல் ஒரு தட்டுத் தட்டும்.

பிரான்சில் 2017 முதல், விளம்பர மாடலின் உடம்பை ஒல்லியாகவோ பருமனாகவோ திருத்தினால் திருத்திய படம் என்று போட வேண்டும். நார்வேயிலும் 2022இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. கல்யாண ஆல்பத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. விளம்பரத்தில் இருப்பவள் யாரோ ஒருத்தி என்று விட்டுவிடலாம். ஆல்பத்தில் இருப்பது அம்மா.

போன வருஷம் ஒரு அக்கா வந்தார். 2008இல் நான் செய்த கல்யாண ஆல்பம், மழைத்தண்ணி பட்டுப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. மறுபடி பிரிண்ட் போடவேண்டும். கூடவே 14 வயசுப் பொண்ணு. மானிட்டரில் பழைய டிசைனைத் திறந்ததும் அந்தப் பிள்ளை, "அம்மா அப்ப எவ்வளவு கலரு, நான் மட்டும்தான் வீட்டுல கறுப்பு" என்றாள். எல்லாரும் அப்பா ஜாடை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அக்கா ஒன்றும் பேசவில்லை.

ஒரிஜினல் படங்கள் இருந்த டிவிடியைத் தேடினேன். பாதி படித்தது, பாதி படிக்கவில்லை. படித்ததில் மணமேடைக்குப் போவதற்கு முன் ஜன்னலோரம் எடுத்த ஒரு படம் இருந்தது. கர்வ்ஸ் தொடாத படம். திரையில் வந்ததும் அந்தப் பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நெற்றி, நிறம், கன்னத்தின் மேடு எல்லாம் அவளேதான். புடவை கட்டி நிற்கிற அவள்.

"இது நான்மா" என்றாள்.

புது ஆல்பத்துக்கு அந்த டிவிடியில் கிடைத்ததை எல்லாம் அப்படியே போடச் சொன்னார் அக்கா. வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"தம்பி, அந்த ஜன்னல் போட்டோவுல மூக்குக்குப் பக்கத்துல ஒரு பரு இருக்கு. அத மட்டும் எடுத்திருங்க."

எடுத்துக் கொடுத்தேன்.